நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

ஜனவரி 11

அன்புள்ள சின்னவனுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். காது மட்டும் முன்னைவிட மோசம். போனில் நீ பேசினால் தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்தது மாதிரி இருக்கிறது. அதனால்தான் கடிதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை என்று இன்னமும் மாடி மாடியாக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாயா?

உன் அண்ணன் போனதற்கு நீ வரவில்லை. ஏன் என்று நான் கேட்க மாட்டேன். நீயாகச் சொல்லத் தோன்றும்போது சொல்.

இப்போது விஷயம் மீன்தொட்டி. அந்தப் பக்கம் நான் தலைவைத்தும் படுத்ததில்லை என்று உனக்குத் தெரியும். அது அவர் ராஜ்ஜியம். அவர் போனபிறகு கண்ணாடியெல்லாம் பாசி படிந்து அலங்கோலமாகக் கிடந்தது. அழுக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. மீன்களை ஒரு வாளியில் பிடித்து விட்டுவிட்டு, தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல்லை எல்லாம் தேய்த்துக் கழுவி, அந்த ஃபில்டரில் இருக்கிற பஞ்சைச் சோப்புப் போட்டு வெள்ளை வெளேரென்று துவைத்து மாட்டினேன். இரண்டு நாளில் தண்ணீர் பால் கொட்டினது மாதிரி கலங்கிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அந்த நேரம் பார்த்துத்தானா மகள் வந்து நிற்க வேண்டும்? கறுப்பு மீன்களில் இருந்த ஒரே ஆண் அவள் கண்ணெதிரில் மிதந்தது.

"அப்பா போனதும் நாலு மீனைக்கூடப் பாத்துக்க முடியலையேம்மா. நாளைக்கு உனக்கே ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க? வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடு" என்றாள். அவள் வங்கியில் அதிகாரி. அங்கே செலுத்தியும் தீராத அதிகாரம் வீட்டுக்கும் வருகிறது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் வந்து பாரு. உங்கப்பா இருந்தப்ப எப்படி இருந்துதோ தொட்டி அப்படியே இருக்கும். இல்லேன்னா மறுபேச்சில்லாம உன்கூடக் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா, பேச்சு மாறக் கூடாது" என்று உடனே பிடித்துக்கொண்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மகள் நல்லவள்தான். ஆனால் அங்கே போனால் எனக்கு ஒரு அறை இருக்கும், வீடு இருக்காது. உன் அண்ணனோடு சேர்ந்து அந்தத் தொட்டியைக் கட்டி அழுதவன் நீதான். என்ன செய்ய வேண்டும் என்று தாமதிக்காமல் எழுது.

ஆசிகளுடன்,
அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவன் வணக்கம். நான் நலம், லிஃப்டுகளும் நலம். உங்கள் காதைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று உங்கள் கோபத்திலிருந்தே தெரிகிறது.

மீன்தொட்டிப் பஞ்சைச் சோப்புப் போட்டுத் துவைத்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருக்கும். அதில் இருந்தது அழுக்கு இல்லை, அண்ணி. மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் குடியிருந்தன. ஒரே நாளில் குடித்தனக்காரர்களை மொத்தமாகக் காலி பண்ணிவிட்டீர்கள். இனிமேல் பஞ்சைத் தொடாதீர்கள். அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து மாட்டினால் போதும். தீனி ஒரு சிட்டிகை. செடிகளில் அழுகின இலையை மட்டும் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்கிக் கழுவ வேண்டாம். கலங்கல் தெளிகிறவரை நாள்விட்டு நாள், அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை, கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் முட்டையிடாமல் குட்டி போடுகிற சாதி. லேசில் சாகாது. நீங்கள் சும்மா இருந்தாலே பிழைத்துக்கொள்ளும்.

இதை எழுதும்போது அந்தப் பழைய வீட்டு முன்னறைதான் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூட லேபில் கழித்துப் போட்ட கண்ணாடி ஜாடியை அண்ணன் கொண்டுவந்து, உள்ளே ரெண்டு கப்பியை விட்டு, உங்கள் தையல் மிஷின் மேல் வைத்தாரே. நீங்கள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். நான் அப்போது அரைக்கால் சட்டை. தூது போனது நான்தான். "உங்கண்ணனைச் சாப்பிட வரச் சொல்லு" என்று நீங்கள். "பசிக்கலன்னு உங்கண்ணிகிட்ட சொல்லு" என்று அவர். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தது ஒரே அறையில்.

எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும். பேனா சரியில்லை.

என்றும் அன்புடன்,
சின்னவன்


பிப்ரவரி 8

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நீ சொன்னதை அப்படியே செய்தேன். பஞ்சைத் தொடவில்லை. தீனியைக் குறைத்தேன். கலங்கல் தெளிந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் புது வினை. கறுப்பு மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுகின்றன. போகவும் இல்லை, வரவும் இல்லை, வெறும் ஆட்டம். குளிர்ஜுரம் வந்தவன் நடுங்குவது மாதிரி. அதில் ஒன்று நேற்றுச் செத்துப்போனது. மகள் பக்கத்து வீட்டுக்காரியிடம் போன் போட்டு மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டாளாம். "நல்லா ஆடுதுன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். பொய் இல்லையே.

நான் ஒரு குறையும் வைக்கவில்லை, சின்னவனே. நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னாய். கடையில் வாங்கும் கேன் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். நான் சமைப்பதுகூடக் குழாய்த் தண்ணீரில். மீனுக்கு மட்டும் கேன். கேன் போடுகிறவர், "வீட்ல விசேஷமாம்மா?" என்று கேட்கிறார்.

லீவு நெருங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுது. நேர்கோட்டில் எழுது, போன கடிதத்தில் வரிகளெல்லாம் மேடு ஏறின.

அண்ணி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தப்பு என்னுடையது.

நல்ல தண்ணீர் என்று நான் எழுதியது கெட்டுப்போகாத புதுத் தண்ணீர் என்ற அர்த்தத்தில். நம் வீட்டில் நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர், மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. ஊரைவிட்டு வந்து எத்தனை காலம் ஆகிறது பாருங்கள். கேனில் வருவது உப்பையெல்லாம் வடிகட்டி எடுத்த தண்ணீர். நமக்கு அது நல்லது. குட்டி போடுகிற மீன்களுக்கு, அதிலும் மோலிக்கு, அது பட்டினி மாதிரி. அந்த நடுக்கம் அதனால்தான். சோப்பு நுரைக்காத, வாளியில் வெள்ளைப் படலம் கட்டுகிற, நீங்கள் நாள்முழுக்கத் திட்டுகிற அந்த உப்புக் குழாய்த் தண்ணீர்தான் அதுகளுக்கு அமிர்தம்.

அதற்காக மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்துவிட்டு, தினம் ஒரு செம்பு எடுத்து ஒரு செம்பு ஊற்றுங்கள். ரோஷத்தில் செய்கிற வேலை இல்லை இது.

இன்னொன்று. அடுத்த கடிதத்தில் தொட்டியைப் பற்றி ஒன்று விடாமல் எழுதுங்கள். எந்த மீன் எங்கே நிற்கிறது, என்ன நிறம், செடி எவ்வளவு உயரம், வெளிச்சம் எப்படி விழுகிறது, எல்லாம். அப்போதுதான் நான் சொல்ல முடியும்.

சின்னவன்


மார்ச் 22

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே யாவரும் நலம். யாவரும் என்றால் நானும் மீன்களும். உன் நலத்துக்கு எழுது.

நடுக்கம் நின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஒவ்வொன்றாகத் துடுப்பை விரித்தன. எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பழைய வீட்டில் உன் அண்ணன் ஜாடியோடு என் நல்ல தண்ணீர்க் குடத்துப் பக்கம் வந்தால் நான் கத்துவேன். "உன் தண்ணி யாருக்கு வேணும்? என் பிள்ளைங்க உப்புத் தண்ணிதான் குடிக்கும்" என்று அவர் போய்விடுவார். வீம்புக்குச் சொல்கிறார் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். மனுஷன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

நீ கேட்டாயே, எழுதுகிறேன். காலையில் வெயில் ஜன்னல் வழியாக வந்து தொட்டியின் இடது பக்கத்தில் மட்டும் விழுகிறது. அங்கே நாடா மாதிரி நீளமான செடி மேல்மட்டம் வரை வளர்ந்து அங்கேயிருந்து மடிந்து படுத்திருக்கிறது. கப்பி ஆண்கள் அதற்குள் புகுந்து புகுந்து வருகின்றன. ஒன்றின் வாலில் ஆரஞ்சு, இன்னொன்றுக்கு மயில் நீலம், ஓரத்தில் கறுப்புப் பொட்டு. பிளாட்டி செங்கல் நிறம். அது எப்போதும் அடியிலேயே கல்லை முகர்ந்துகொண்டு போகும், தொலைத்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி. கறுப்பு மோலி அசல் வெல்வெட். வெயிலில் திரும்பினால் மட்டும் உடம்பில் லேசாகப் பச்சை ஓடுகிறது. வலது மூலையில் பாசிக்கொத்து. அது இருட்டாக இருக்கும். பயந்த மீனெல்லாம் அங்கேதான். பார்க்கப் பார்க்க நேரம் போவதே தெரியவில்லை. நான் கூப்பிட்டால் வராமல் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பதற்கு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கலாம். இதை எழுதும்போது அழுகை வருகிறது.

ஒரு சந்தேகம். கறுப்பு மோலிக்கு வயிறு பெருத்துக்கொண்டே போகிறது. ஆண்தான் ஜனவரியிலேயே செத்துவிட்டதே. இது எப்படி? மகளுக்குப் படித்துக்காட்டக் கூடாத விஷயமாக இருந்தால் நாசூக்காக எழுது.

ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயேன். உன் எழுத்து வர வரக் குழந்தை எழுதுவது மாதிரி ஆகிறது. ஒரு பக்கத்துக்கு நாலே வரி, அதிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. தாள் விலை தெரியுமா உனக்கு?

அண்ணி


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பதில் தாமதம். வேலை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை கேட்டேன். இவ்வளவு நன்றாக எழுதுவீர்கள் என்று தெரியாது.

மோலியின் கற்பை யாரும் சந்தேகிக்க வேண்டாம். இந்த ஜாதிப் பெண் மீன் ஒருமுறை சேர்ந்ததை உள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும். ஆண் போய் மாதக்கணக்கு ஆனாலும் குட்டி போடும். பாசிக்கொத்தை அடர்த்தியாக விடுங்கள். பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்றுவிடும். தாயும் தின்னும். ஒளிய இடம் இருந்தால் பிழைக்கும்.

சின்னவன்


மே 6

அன்புள்ள சின்னவனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இத்தனை நாள் கழித்து எழுதினாய், அதுவும் இத்துனூண்டு. போகட்டும்.

குட்டி போட்டுவிட்டது. காலையில் பாசிக்குள் கறுப்பு எள் மாதிரி ஏதோ அசைந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் எள்ளுக்கு இரண்டு கண். ஒன்று, இரண்டு என்று எண்ணப் போய் பாதியிலேயே விட்டுவிட்டேன். பிளாட்டி ஒன்றை விழுங்கப் போனது. "அடியே, உனக்கு வேற தீனியே இல்லையா?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள். அவளையும் உட்காரவைத்துக் காட்டினேன். அன்றைக்கு உலை வைக்கவே மறந்துபோனேன்.

அவர் விட்டுப்போனதில்தான் இது வந்திருக்கிறது என்று நினைத்தால் என்னவோ செய்கிறது. அவர் வளர்த்த ஆண், அவர் இருந்தபோது சேர்ந்தது.

மகள் அடுத்த வாரம் வருகிறாள். பந்தயத்தில் பாதி ஜெயித்துவிட்டேன். மீதிப் பாதி பேச்சு. அவள் பேச ஆரம்பித்தால் எனக்குப் பதில் வாயில் வராது. என்ன சொல்லட்டும்?

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். லிஃப்ட் கதவில் கை நசுங்கிச் சின்னக் காயம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பக்கத்து அறையில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர்.

மகளிடம் தோற்றுவிடாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள். சொந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். சுவிட்ச் எங்கே, படி எங்கே முடிகிறது, டம்ளர் எந்தப் பலகையில், யாரையும் கேட்க வேண்டாம். இன்னொருவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீருக்கு யாரையாவது கூப்பிட்டுவிட்டு நிற்க வேண்டும். அவர்கள் முகம் சுளித்தார்களா இல்லையா என்றுகூடத் தெரியாமல் நிற்க வேண்டும். அதைவிட நம் வீட்டில் தடுக்கி விழுந்து நாமே எழுந்திருப்பது எவ்வளவோ மேல். பாசம் இருக்கிறவர்களுக்குத்தான் நாம் பாரமாகக் கூடாது. இதை அவளிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

சின்னவன்


ஜூன் 3

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் நலம். உன் நலத்தை இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

முதலில் நல்ல சேதி. மகள் வந்தாள். செருப்பைக் கழற்றின கையோடு தொட்டியிடம் போனாள். பிள்ளைகள் குட்டி மீனுக்குப் பெயர் வைத்துச் சண்டை போட்டார்கள். இவள் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். அப்புறம், "அப்பா இப்படித்தாம்மா உக்காந்திருப்பாரு" என்றாள். இருவரும் அழுது முடித்தபிறகு, "இங்கேயே இரும்மா. ஆனா தனியா இருக்கியேன்னு எனக்கு அடிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்று காதோடு வாய் வைத்துச் சொன்னாள். ஆக, வீடு தப்பித்தது.

இப்போது உன் விஷயம். நீ சொல்லித்தந்த பேச்சை அவளிடம் நான் பேசவே இல்லை. எழுதியிருப்பதை மறுபடி மறுபடி படித்தேன். எனக்குப் போனது காது. சுவிட்ச் எங்கே என்று நான் தடவ வேண்டியதில்லை. யார் முகம் சுளிக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இதெல்லாம் என் கஷ்டம் இல்லை. யாருடைய கஷ்டம்?

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் பரப்பினேன். எழுத்து மாதாமாதம் பெரிதாகிறது. ஏப்ரலில், என் கடிதத்தை இரண்டு தடவை கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தைப் படிப்பார்கள். நீ கேட்டிருக்கிறாய். தொட்டியை ஒன்று விடாமல் எழுதச் சொன்னது மீனுக்கு வைத்தியம் பார்க்க இல்லை, இல்லையா?

உன் கண்ணுக்கு என்ன ஆயிற்று? மழுப்பாமல் எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். டீச்சர்தான் எழுதுகிறார். கையில் காயம் எதுவும் இல்லை. இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தைச் சொல்ல ஆரம்பிப்பேன், நிறுத்துவேன். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் போவார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிற்று. வலியே இல்லாததால் நான் கவனிக்கவில்லை. அண்ணன் இறந்த அந்த வாரத்தில்தான் இரண்டாவது ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். அதனால்தான் வரவில்லை. அப்போது உங்களுக்குச் சொன்னால் இரண்டு துக்கமாகிவிடும் என்று நினைத்தேன். மிச்சமிருந்த பார்வையும் ஜூனோடு போயிற்று. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். கம்பெனியில் மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்கள்.

தனியாக இருப்பதைப் பற்றி நான் எழுதினதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. நீங்கள் ஜெயித்தால் நானும் ஜெயித்த மாதிரி என்று ஒரு நப்பாசை.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை டீச்சரிடம் இன்னும் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். வெல்வெட்டில் பச்சை ஓடுவது எனக்குத் தெரிகிறது, அண்ணி.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மகளிடம் போராடித் தக்கவைத்த வீட்டில் இன்னொருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்க வேண்டாம். எழுதினாலும் வரமாட்டேன்.

சின்னவன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. இத்தனை மாதம் இதைத் தனியாக மனதில் வைத்துக்கொண்டிருந்தாயே என்று கோபமும் வந்தது. இப்போது கோபம் இல்லை.

வா என்று எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. உன் இஷ்டப்படி இரு. கண்ணுக்கு மருந்து விடச் சொன்னால் மறக்காமல் விடு.

மோலிக் குட்டிகள் ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டன. கப்பி ஆண்கள் பெருகிப்போய் பெண்களை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. கொஞ்சத்தைப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். கூடவே ஒரு வாளி உப்புத் தண்ணீரும் கொடுத்து, கேன் தண்ணீர் ஊற்றினால் உன்னோடு பேசமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நாடாச் செடியில் புதுக் கன்று மூன்று கிளம்பியிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

ஆசிகளுடன்,
அண்ணி

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். முகம் தெரியாவிட்டாலும் அவனுக்குக் கண்ணாகவும் கையாகவும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். மேலே இருப்பதை மட்டும் அவனுக்குப் படித்துக்காட்டுங்கள். இனி எழுதுவது உங்களுக்கு.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நான் அங்கே வந்து இறங்குகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று, திரும்புவதற்கு இரண்டு பேருக்கு. அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தால் வேறு எங்காவது போய் ஒளிந்துகொள்வான். அதனால் அவன் துணிமணிகளை மட்டும் துவைத்து எடுத்து வைத்தால் உதவியாக இருக்கும். வரமாட்டேன் என்பதை என் முகத்துக்கு நேராகவே சொல்லட்டும். எனக்குத்தான் காது கேட்காதே.

மகளிடம் சொல்லிவிட்டேன். "சித்தப்பாவுக்கு எந்த அறைம்மா?" என்றாள். அவன் என்னைப் பாரம் சுமக்கவைப்பதாக நினைக்கிறான். எனக்குக் கல்யாணமாகி நான் வந்தபோது அந்தக் குடும்பத்தில் எனக்கு முன்னாலேயே இருந்தவன் அவன். இடம் கொடுத்தது அவன், நான் இல்லை. நான் பெற்றது ஒன்று, வளர்த்தது இரண்டு. இது அவனுக்கும் தெரியும். வீம்பு, அண்ணனை மாதிரியே.

கடிதத்தைப் படித்து முடித்ததும், "அவ்வளவுதானா? வேற என்ன எழுதியிருக்காங்க?" என்று துருவித் துருவிக் கேட்பான். அண்ணி நலம், மீன்கள் நலம், வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.